தனியார் பள்ளி ஃபீஸ் இனியும் கட்டுப்படியாகுமா? காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பங்குனி பிறந்துவிட்டால் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் 25 சதவீத இலவச இடம்) விண்ணப்பம் என்று பெற்றோர் வர ஆரம்பித்துவிடுவார்கள், கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், கல்லல், தேவகோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும். சான்றிதழ் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் பேச்சு முழுக்க ஃபீஸைப் பற்றித்தான். அரசாங்கம் சட்டத்தை மாற்றப்போகிறதாமே, 25 சதவீத இடத்தை எடுத்துவிடப் போகிறார்களாமே, வரி போடப்போகிறார்களாமே என்று வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் காட்டிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எங்களை மாதிரி மாதச் சம்பளம், கூலி வாங்குகிறவர்களுக்குத் தனியார் பள்ளி இனியும் கட்டுப்படியாகுமா?

எல்.கே.ஜி.யில் கட்டுப்படியாகும், ஒன்பதாவதில் ஆகாது. பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். சேர்க்கும்போது அந்த வருட ஃபீஸை மட்டும் பார்த்துவிட்டு "சமாளித்துவிடலாம்" என்று முடிவு செய்கிறோம், ஆனால் அந்த முடிவு 14 வருடத்துக்கானது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு, அப்புறம் ஒன்று முதல் பன்னிரண்டு வரை, மொத்தம் 14. அந்த 14 வருடத்தையும் தாளில் எழுதிப் பார்க்காமல் யாரும் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளைக்கு எந்தச் சட்டம் மாறும் மாறாது என்ற கவலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

கேள்வி: 14 வருடக் கணக்கை எப்படிப் போடுவது? எட்டாவதில் என்ன ஃபீஸ் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

துல்லியமாகத் தெரிய வேண்டாம், உத்தேசமாகத் தெரிந்தால் போதும். ஐந்தொகை, அதாவது வருடக் கடைசிக் கணக்கு, போடாமல் ஒரு வருடத்தை முடிக்காத ஊர் நம்முடையது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் எழுதிய பேரேடுகள் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கின்றன. பிள்ளை படிப்புக்கு மட்டும் ஏன் வாய்க்கணக்கு?

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். எல்.கே.ஜி.யில் வருடம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10 சதவீதம் ஏறினால் பன்னிரண்டாவது படிக்கும்போது அதே ஃபீஸ் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கும். 14 வருடத்துக்கும் சேர்த்து 8 லட்சத்து 39 ஆயிரம் வருகிறது. 6 சதவீதம்தான் ஏறுகிறது என்றால் மொத்தம் 6 லட்சத்து 30 ஆயிரம். அந்த 4 சதவீத வித்தியாசம் மட்டுமே 2 லட்சத்துக்கு மேல், அதனால் சேர்க்கும் முன்னால் அங்கே ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரிடம் "போன மூன்று வருடத்தில் எவ்வளவு ஏற்றினார்கள்" என்று கேளுங்கள், இந்த வருட ஃபீஸ் என்ன என்பதைவிட அதுதான் முக்கியமான தகவல்.

இதே கணக்கில் இன்னொன்றைக் கவனியுங்கள். 10 சதவீதக் கணக்கில் எல்.கே.ஜி. முதல் ஐந்தாவது வரை ஏழு வருடத்துக்கு ஆவது சுமார் 2 லட்சத்து 85 ஆயிரம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அடுத்த ஏழு வருடத்துக்கு 5 லட்சத்து 54 ஆயிரம். ஆக, மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆறாம் வகுப்புக்கு அப்புறம்தான் போகிறது. இந்த ஆறாம் வகுப்பு கீழே வேறொரு காரணத்துக்காகவும் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் இதில் சேராது. மாதம் 1,200 என்று வைத்தால்கூட, வருடம் பத்து மாதம், 14 வருடத்துக்கு 1 லட்சத்து 68 ஆயிரம், அதுவும் ஒரு பைசா ஏற்றாமல் இருந்தால். கண்டிராமாணிக்கத்திலிருந்தோ சாக்கோட்டையிலிருந்தோ காரைக்குடிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு வேன் ஃபீஸ் என்பது பாதிப் பள்ளிக் கட்டணம்.

கேள்வி: ஃபீஸை அரசாங்கம்தானே நிர்ணயம் செய்கிறது? அப்புறம் எப்படி இஷ்டத்துக்கு வாங்குகிறார்கள்?

ஆமாம், சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் தனியார் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் கட்டண நிர்ணயக் குழு சென்னையில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் வரவு செலவைக் காட்ட வேண்டும், பள்ளி இருக்கும் இடம், கட்டிடம், ஆசிரியர் சம்பளம், வளர்ச்சிக்கு நியாயமான உபரி எல்லாவற்றையும் பார்த்து வகுப்புவாரியாக ஒரு தொகையை மூன்று கல்வியாண்டுகளுக்கு நிர்ணயிப்பார்கள். அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும், சிறைத் தண்டனைக்கே சட்டத்தில் இடம் உண்டு.

ஓட்டை எங்கே என்றால் ரசீதில். ஒரு தாய் இரண்டு காகிதம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று பள்ளி பெயரும் முத்திரையும் போட்ட அச்சு ரசீது, 11,500 ரூபாய். இன்னொன்று கோடு போட்ட நோட்டில் கிழித்த துண்டுத்தாள், அதில் 9,000 என்று பென்சிலில் எழுதி அடியில் ஒரு கோடு. பெயர் இல்லை, தேதி இல்லை, எதற்காக என்றும் இல்லை. குழு நிர்ணயித்தது அந்த முதல் காகிதத்தை, வீட்டில் நகை போனது இரண்டாவது காகிதத்துக்கு. ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, ஆண்டு விழா, பில்டிங் ஃபண்டு என்று எந்தப் பேரில் கேட்டாலும் சரி, "ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். முடிந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ஜிபே, வங்கி, செக் எதுவானாலும் தடயம் இருக்கும். தடயம் இல்லாத பணத்துக்கு எந்த அதிகாரியிடமும் போய் நிற்க முடியாது.

உங்கள் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறார்கள் என்று கட்டண நிர்ணயக் குழுவின் இணையதளத்தில் பார்க்கலாம். அந்தத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: லண்டனில் தனியார் பள்ளி ஃபீஸுக்கு 20 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள், இங்கேயும் வரப்போகிறது என்று என் மச்சான் அங்கிருந்து அனுப்பியிருக்கிறாரே?

அங்கே போட்டது உண்மை. பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரி. நம் ஊரிலிருந்து போய் அங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கிற குடும்பங்களுக்கு அது பெரிய அடிதான். இங்கே நிலைமை வேறு. நம் ஜி.எஸ்.டி.யில் மழலையர் வகுப்பிலிருந்து மேல்நிலை வரை பள்ளிக் கல்விக்கு வரி விலக்கு உண்டு, பள்ளியே நடத்துகிற பேருந்துக்கும் சேர்த்து. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர் இவற்றுக்கும் வரி எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் "ஜி.எஸ்.டி. சேர்த்து" என்று ஒரு பள்ளி உங்கள் ஃபீஸ் பில்லில் எழுதினால் எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

கேள்வி: 25 சதவீத இடம், அந்த ஆர்.டி.இ., இருக்கிறதா இல்லையா? ஒரு வருடம் திறக்கவே இல்லையே?

சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டு இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம், அதன் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தரச் சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கான பணத்தை அரசு பள்ளிக்குத் தரும்.

சிக்கல் அந்தப் பணத்தில்தான் வந்தது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் 60 சதவீதம் மத்திய அரசும் 40 சதவீதம் மாநில அரசும் தர வேண்டும். தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தையும் தமிழ்நாடு ஏற்கவில்லை என்று மத்திய அரசு 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. 2025-ல் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும் விண்ணப்பம் திறக்கவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போனது, ஆர்.டி.இ. பணத்தைத் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று ஜூனில் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் ஆர்.டி.இ. பங்கு விடுவிக்கப்பட்டு அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது, அதுவும் ஏற்கெனவே அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்து.

அதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஜூனில் கையிலிருந்து ஃபீஸ் கட்டிச் சேர்க்க முடிந்தவனுக்குத்தான் அக்டோபரில் இலவச இடம் கேட்க வழி. இந்தச் சட்டம் யாருக்காக வந்ததோ, அந்த ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நாள்கூலிக்கு வேலை செய்கிறவரின் பிள்ளை ஜூனிலேயே வெளியே போய்விட்டது. எனக்கு இதில் ரொம்ப வருத்தம். இரண்டு அரசுகள் சண்டை போடும்போது நாலு வயசுப் பிள்ளை காத்திருக்க முடியாது. கொள்கை மாற்றம் என்று நாம் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான், புது வரிக்கு அல்ல.

கேள்வி: ஆர்.டி.இ.க்கு யார் விண்ணப்பிக்கலாம்?

நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறன் போன்றவை பார்க்கப்படும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதனால்தான் கானாடுகாத்தான், நாச்சியாபுரம் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்குக் காரைக்குடிப் பள்ளி இதில் கிடைக்காது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பையே மறுபடி பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதியிடம் அனுப்பியிருக்கிறது, ஆனால் அதை நம்பி இந்த வருடம் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆர்.டி.இ.யில் இடம் கிடைத்துவிட்டது. இனி கவலை இல்லை அல்லவா?

எட்டாவது வரை கல்விக் கட்டணக் கவலை இல்லை. ஆனாலும் நம் பக்கம் சீருடை, நோட்டு, வேன் என்று தனியாகக் கேட்கிற பள்ளிகள் உண்டு. படிப்பை முடிக்கத் தடையாகிற எந்தக் கட்டணமும் பிள்ளையிடம் வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம், அதைச் சொல்லிக் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

பெரிய கேள்வி ஒன்பதாவதில் வருகிறது. மேலே போட்ட அதே உதாரணக் கணக்கில் முதல் பத்து வருடம் இலவசமாகப் போனாலும், கடைசி நாலு வருடத்துக்கு மட்டும் 3 லட்சத்து 61 ஆயிரம். பத்து வருடம் ஃபீஸ் என்ற பேச்சே இல்லாமல் இருந்த வீட்டுக்கு அது ஒரே நாளில் வந்து நிற்கும். அதனால் ஆர்.டி.இ.யில் சேர்த்த அன்றிலிருந்தே மாதம் ஒரு சிறு தொகையைத் தபால் அலுவலகத் தொடர் வைப்பில் போடுங்கள், அல்லது ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுமே மரியாதையான வழிதான்.

கேள்வி: அந்த ஆறாம் வகுப்பு விஷயம் என்ன?

2020-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது, நீட் எழுதித் தேர்ச்சி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். உள்ளிட்ட இளநிலை மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-ல் அதேபோல பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் போகிறவர்களின் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆர்.டி.இ.யில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. ஃபீஸ் கட்டித் தனியார் பள்ளியில் ஆறாவது படித்துவிட்டு ஏழாவதில் மாறினால் கிடையாது, ஒரு வருடம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

புதுமைப்பெண் திட்டமும் அப்படித்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024-ல் தொடங்கியது. மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய் வருகிறது.

இவையெல்லாம் நாளைக்கு வேறு ஆட்சியில் மாறலாம், ஒப்புக்கொள்கிறேன். 7.5 சதவீதம் சட்டமாக இருப்பதால் அதை எடுக்க இன்னொரு சட்டம் வேண்டும், மாதத் தொகை அப்படியல்ல, ஓர் அரசாணையிலேயே மாறலாம். முடிவெடுக்கும்போது முன்னதை நம்பலாம், பின்னதை கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆட்சி வந்தாலும், உங்கள் பிள்ளை ஐந்தாவதை முடிக்கும்போது வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். அதற்கு மேல்தான் ஃபீஸின் பெரும்பகுதி, அங்கேதான் அரசுச் சலுகைகளின் வாசலும் இருக்கிறது.

கேள்வி: அரசுப் பள்ளி வேண்டாம், தனியாருக்கும் பணம் இல்லை. நடுவில் ஏதாவது உண்டா?

இருக்கிறது, அதுவும் நம் செட்டிநாட்டில் மற்ற ஊர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி. என்னிடம் வருகிற இளம் பெற்றோர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. வீட்டுக்கு எதிரே இருக்கும் நூறு வருடத்துப் பள்ளியைத் தாண்டி, போன வருடம் பெயிண்ட் அடித்த பள்ளிக்கு வேனில் அனுப்புகிறார்கள்.

கடல் தாண்டிச் சம்பாதித்த நகரத்தார் கோயிலுக்குச் செய்ததைப் போலவே பள்ளிக்கும் செய்தார்கள், வியாபார லாபத்தில் மகமை, அதாவது தர்மத்துக்கென்று ஒரு பங்கு, எடுத்து வைத்து. அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் தொடங்கியது 1929-ல் பல்கலைக்கழகமானது. அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், அதற்கடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெரிய பெயர்கள் இவை, ஆனால் ஒவ்வோர் ஊரிலும் சின்ன அளவில் ஒரு குடும்பமோ ஒரு சங்கமோ இடம் கொடுத்து, கட்டிடம் கட்டி, பள்ளி நடத்தியிருக்கிறது. தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் இன்றும் நடக்கிற பழைய உதவி பெறும் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. கிறிஸ்தவ சபைகள் நடத்துபவையும் உண்டு.

அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. தமிழ் வழிப் பிரிவில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடப்புத்தகம் இலவசம், மதிய உணவு உண்டு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் உண்டு. தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2024-ல் ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்துக்கும் வந்துவிட்டது. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை, இது தனியார் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பல உதவி பெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடக்கிறது, அதற்கு ஃபீஸ் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, 7.5 சதவீத ஒதுக்கீடு இதுவரை உதவி பெறும் பள்ளிகளுக்குத் தரப்படவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது, ஒரே தெருவில் ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். மருத்துவம்தான் லட்சியம் என்று பிள்ளை இப்போதே பிடிவாதமாக இருந்தால் இதைக் கணக்கில் சேருங்கள், மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: கேந்திரிய வித்யாலயா?

காரைக்குடியில் செக்ரி, அதாவது மேலே சொன்ன மின்வேதியியல் ஆய்வக, வளாகத்தில் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, வளர்ச்சி நிதி மாதம் 500, ஒன்பதாவது முதல் கூடுதலாகச் சில நூறுகள், அவ்வளவுதான். ஆனால் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, மற்றவர்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம். அங்கேயும் ஒன்றாம் வகுப்பில் ஆர்.டி.இ. 25 சதவீதம் உண்டு, விண்ணப்பித்து வையுங்கள்.

கேள்வி: தேசியக் கல்விக் கொள்கை, மாநிலக் கல்விக் கொள்கை என்று மாறி மாறிச் சொல்கிறார்களே, அதனால் ஃபீஸ் ஏறுமா?

நேரடியாக ஏறாது, சுற்றி வந்து ஏறலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது, கேந்திரிய வித்யாலயாவில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்று வயதில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் ஒன்றாவதுக்கு முன்னால் மூன்று வருடம், அதாவது கூடுதலாக ஒரு வருட ஃபீஸ். சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்க்கிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8-ல் வந்தது, இருமொழிக் கொள்கை தொடரும் என்றும் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லை என்றும் சொன்னது. பதினொன்றில் பொதுத்தேர்வு இல்லை என்றதும் அந்த வருடத்தையும் நீட் கோச்சிங்குக்குத் தள்ளிவிட்டு அதற்கும் தனியாகப் பணம் கேட்கிற பள்ளி வரலாம், கவனமாக இருங்கள்.

"சி.பி.எஸ்.இ. பேட்டர்ன்" என்று பலகை வைத்திருக்கும் பள்ளிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பேட்டர்ன் என்றால் இணைப்பு இன்னும் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு எண் என்ன என்று கேளுங்கள், சி.பி.எஸ்.இ. இணையதளத்தில் சரிபார்க்கலாம். மாநில வாரியப் பள்ளி என்றால் அங்கீகாரம் எந்த வருடம் வரை என்று பாருங்கள்.

கேள்வி: ஜூனில் நகையை அடகு வைத்துத்தான் கட்டுகிறோம். வேறு வழி?

வைப்பதானால் வங்கியில், கூட்டுறவில் வையுங்கள். 50,000 ரூபாய்க்கு வருடம் 12 சதவீதம் என்றால் 6,000 வட்டி. அதே பணத்தை அடகுக் கடையில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் 12,000. இப்படி வருடா வருடம் வைத்துத்தான் ஃபீஸ் கட்ட முடிகிறது என்றால் அந்தப் பள்ளி உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றுதான் அர்த்தம், ஒருமுறை அவசரத்துக்கு வைப்பது வேறு.

சமையல் வேலைக்குப் போகிறவர்கள், பந்தல், மேளம், பூ வேலை செய்கிறவர்கள் இன்னொன்றைச் செய்யலாம். உங்கள் வருமானம் முகூர்த்தத்தைப் பொறுத்தது. இரண்டாவது டெர்ம் ஃபீஸ் புரட்டாசிப் பக்கம் வருகிறது, மூன்றாவது மார்கழி முடிந்ததும், இரண்டுமே கை வறண்டிருக்கும் நேரம். ஜூனிலேயே தலைமையாசிரியரிடம் போய், ஆவணியில் இவ்வளவு, தையில் இவ்வளவு, பங்குனிக்குள் மீதி என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பல பள்ளிகள் ஒப்புக்கொள்கின்றன, தேதி தவறிய பிறகு போய்க் கெஞ்சினால்தான் முகம் மாறுகிறது.

கேள்வி: ஃபீஸ் பாக்கி என்று பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்.

அது தவறு, எந்தச் சூழ்நிலையிலும் தவறு. பாக்கி பெற்றோருடையது, பிள்ளையுடையது அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், மாவட்டக் கல்வி அலுவலர்களில் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒருவர் இருக்கிறார், அவருக்கு எழுத்தில் கொடுங்கள். தேதி, வகுப்பு, எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், இவ்வளவும் இருக்கட்டும். கோபத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், அரைப் பக்கம் போதும்.

கேள்வி: பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள்.

டி.சி. என்பது ஃபீஸ் வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது, பாக்கி இருக்கிறது என்று அதில் எழுதவும் கூடாது. எட்டாவது வரை டி.சி. தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசுப் பள்ளியில் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) வைத்தே சேர்த்துக்கொள்வார்கள், பழைய பள்ளியிலிருந்து அந்த எண்ணை விடுவிக்க வைப்பது அந்தத் தலைமையாசிரியர் பொறுப்பு. பாக்கியைப் பள்ளி தனியாகக் கேட்கட்டும், நீங்களும் முடிந்தபோது கட்டிவிடுங்கள், ஆனால் அதற்காகப் பிள்ளை ஒரு நாளும் வீட்டில் உட்காரக் கூடாது.

கேள்வி: ஃபீஸுக்கு வருமான வரியில் ஏதாவது கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும், இரண்டு பிள்ளைகள் வரை, டியூஷன் ஃபீஸ் பகுதிக்கு மட்டும், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாவற்றோடும் சேர்த்து ஒன்றரை லட்சம் வரம்புக்குள். டொனேஷன், வேன் சேராது. புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

கேள்வி: மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். நாங்கள் என்ன செய்ய?

இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, அது நல்ல அவகாசம். முதலில் 14 வருடக் கணக்கில் மிச்சம் இருக்கும் வருடங்களை எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊரில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் ஓர் உதவி பெறும் பள்ளிக்கும் வேலை நாளில் காலை நேரத்தில் போங்கள், கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, காலியிடம் எத்தனை, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஆசிரியர் இல்லாத பள்ளிக்குச் சலுகைக்காக மட்டும் மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள்தான் அங்கே ஏழு வருடம் படிக்கப் போகிறாள். வருமானச் சான்றிதழை மே மாதக் கூட்டத்தில் வந்து நிற்காமல் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ரேஷன் அட்டை, ஆதார், சம்பளச் சீட்டு இருந்தால் அது, ஒரு புகைப்படம், இவற்றைக் கொண்டுவந்தால் போதும்.